ஓரிரு இடங்களில் மழை... அந்த இடம் எது?

‘தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும்.’ ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை இந்த வாக்கியம் இல்லாமல் செய்தி அறிக்கை முடிவதில்லை. இதைக் கேட்கும் விவசாயி, அறுத்த நெல்லைக் களத்தில் காயவிடலாமா, தார்ப்பாய் போட்டு மூடலாமா என்று அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டும். செங்கல் சூளைக்காரருக்குப் பச்சைக்கல்லைப் பற்றிய கவலை. உப்பளத்தில் ஒரு மணி நேர மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். இவர்கள் யாரும் தமிழகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. என் ஊரில், இன்று மாலை, மழை உண்டா என்று கேட்கிறார்கள்.

வானிலை ஆய்வு மையம் அந்தச் சொற்களை மனம்போனபடி எழுதுவதில்லை. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவீதம் என்றால் ‘ஒருசில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்கள்’, அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், நான்கில் மூன்று பங்கு இடம் காய்ந்துதான் கிடக்கும் என்பதும் அந்த அறிவிப்பிலேயே அடங்கியிருக்கிறது. காய்ந்து கிடந்த ஊர்க்காரர்கள் மறுநாள், சொன்னது நடக்கவில்லை என்கிறார்கள். சொன்னபடிதான் நடந்தது. சொன்னதன் கணக்கை அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

வண்ண எச்சரிக்கைகளின் கதையும் இதுவே. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். நாம் அதை மழையின் அளவுகோலாக மட்டும் பார்த்து, ‘ரெட் அலர்ட்’ என்றதும் பால் பாக்கெட் வாங்க ஓடுகிறோம், மற்ற இரண்டையும் கண்டுகொள்வதே இல்லை.

அறிவிப்பு நம்மை மாவட்டம்வரை கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து நம் வயலுக்கும் தெருவுக்கும் உள்ள மீதித் தொலைவைக் கடக்க இன்றும் நமக்கு உதவுவது தலைக்கு மேல் நிற்கும் மேகம்தான். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியை மக்களுக்குத் தருவதும் வானிலைத் துறையின் வேலையாக வேண்டும். அந்த வேலையை இங்கே யாரும் எடுத்துச் செய்யவில்லை.

கட்டத்துக்குள் ஒளியும் மேகம்

கோடையிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் நம் சமவெளிகளில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. தரை சூடேறி, ஈரக்காற்று மேலே எழும்பி, திரள் மேகமாகி, அது கார்திரள் மேகமாக வளர்ந்து கொட்டுகிறது. தனியொரு இடிமேகத்தின் அகலம் ஏறத்தாழ 5 முதல் 10 கிலோமீட்டர். ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். உயரமோ நம் வெப்பமண்டலத்தில் 15 கிலோமீட்டரையும் தாண்டும். தாம்பரத்தில் சாலை ஆறாக ஓடும்போது கிண்டியில் புழுதி பறக்கிறதே, அதற்குக் காரணம் இந்த அகலம்தான்.

இவ்வளவு சிறிய, இவ்வளவு குறைந்த ஆயுள் கொண்ட ஒன்றைக் கணினி எப்படிப் பிடிக்கும்? 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ பூமியை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அதற்கு முன்பிருந்த அமைப்பில் கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டர். நம் விஞ்ஞானிகள் பெருமைப்பட வேண்டிய முன்னேற்றம் இது. ஆனால், ஒரு மேகத்தின் உள்ளே காற்று எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கணக்கிட வேண்டுமானால், அந்த ஒரு மேகத்துக்குள் பல கட்டங்கள் விழ வேண்டும். 6 கிலோமீட்டர் மேகம் 6 கிலோமீட்டர் கட்டத்துக்குள் முழுசாக ஒளிந்துகொள்ளும். 2024 அக்டோபரிலிருந்து கிராம ஊராட்சி அளவிலும் 5 நாள் முன்னறிவிப்பு தருகிறார்கள். வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றுக்கு அது நன்றாகவே உதவும். இடிமழைக்கு அப்படியல்ல. ஊராட்சியின் பெயர் போட்டிருப்பதாலேயே கணிப்பு அந்த ஊராட்சியின் அளவுக்குக் கூர்மையாகிவிடாது. இந்த வரம்பைப் பயனாளியிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடிக் கணிப்பு ரேடாரை நம்பியிருக்கிறது. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. காரைக்காலிலும் ஒன்று உண்டு. ரேடார் கதிர் நேராகச் செல்ல, பூமியோ வளைந்து தாழ்கிறது. அதனால், 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடத்தில் மிகத் தாழ்வாக அனுப்பும் கதிரும்கூடத் தரையிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். அதற்குக் கீழே நடப்பதெல்லாம் அதன் பார்வைக்குத் தப்பிவிடும். கொங்கு மண்டலம் இப்படித்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது: காரைக்கால் ரேடாருக்கு அது வெகுதூரம், கொச்சி ரேடாருக்கு நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் அமைக்கத் தமிழக அரசு எடுத்த முடிவு இந்த வகையில் மிகச் சரியானது.

ரேடார் எதைப் பார்த்தாலும், கடைசியில் மக்கள் கையில் கிடைப்பது தொலைக்காட்சியின் அடிவரி: ‘அடுத்த 3 மணி நேரத்தில் 12 மாவட்டங்களில் மழை’. திண்டுக்கல் என்று அதில் இருந்தால் கொடைக்கானலா, வேடசந்தூரா? நீலகிரி என்றால் அவலாஞ்சியா, கோத்தகிரியா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் போது அதே மாவட்டத்தின் கிழக்குச் சரிவு மலையின் மழைமறைவில் இருக்கிறது. மாவட்டம் என்பது ஆட்சியர் அலுவலகம் வைத்துக்கொள்வதற்கான எல்லை. மேகத்துக்கு மலையும் கடலும் காற்றின் திசையும்தான் எல்லை.

அஞ்ச வைக்கும் வடிவங்கள்

2023 ஜூலையில் ஹரித்வார் நகரின் மேல் ஒரு மேகம் சுருண்டு வந்தது. வானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கருஞ்சுவர் ஒன்று நகர்வதைப் போன்ற அந்தக் காட்சி நாடு முழுக்கக் கைபேசிகளில் சுற்றியது. 2025 ஜூன் இறுதியில் போர்ச்சுகலின் கடற்கரைகளில், கடும் வெயில் நாளொன்றில், நீண்ட உருளை மேகம் கடலிலிருந்து கரைநோக்கி வந்தபோது ஆழிப்பேரலை வருகிறதோ என்று மக்கள் பதறினார்கள். இப்படியொரு படம் வந்த மறுநிமிடமே ‘உலகம் அழியப்போகிறது’ முதல் ‘செயற்கையாக மேகத்தை ஏவிவிட்டார்கள்’ வரை எல்லா வகைக் கதைகளும் கூடவே பரவுகின்றன. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய அதிகாரபூர்வ விளக்கம் மிகத் தாமதமாக வருகிறது, அல்லது வருவதே இல்லை.

ஹரித்வாரில் தெரிந்தது ‘ஷெல்ஃப்’ மேகம். இடிமேகத்தில் மழை கொட்டும்போது, துளிகள் பாதி வழியில் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கின்றன. கனத்துப்போன அந்தக் குளிர்காற்று தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. முன்னால் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன் மேல் ஏறிக் குளிர்கிறது, குளிர்ந்த இடமெல்லாம் மேகமாகிறது. அதுதான் தாய்மேகத்தோடு ஒட்டியபடி நீண்டு தெரியும் அந்த விளிம்பு. தாய்மேகத்தை விட்டுப் பிரிந்து தனியே உருண்டு போனால் உருளை மேகம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பர்க்டவுன் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் விடியற்காலைகளில் இப்படிப்பட்ட உருளை மேகங்கள் வருகின்றன. சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம் இருக்கும். அவற்றின் மேல் சறுக்கிப் பறப்பதற்காகவே கிளைடர் விமானிகள் அந்த ஊருக்குப் போகிறார்கள்.

ஷெல்ஃப் மேகம் நமக்கு ஓர் எச்சரிக்கை. அதன் விளிம்பு நம் தலையைத் தாண்டும் நேரத்தில் காற்று சட்டென்று குளிர்ந்து சூறைபோல வீசும். தென்னை ஓலையும் தகரக் கூரையும் விளம்பரப் பலகையும் விழுவது அந்தச் சில நிமிடங்களில்தான். மழை பெரும்பாலும் அதன் பின்னால்தான் வரும். ஆகவே, அடிவானத்தில் அப்படியொரு கரிய விளிம்பு தெரிந்தால் படகைக் கரையேற்ற வேண்டும், பந்தலை விட்டு வெளியேற வேண்டும், மரத்தடி வண்டியை நகர்த்த வேண்டும். படம் எடுப்பது அதற்கப்புறம், கூரைக்குள்ளிருந்து.

வேறு சில வடிவங்கள் பார்க்கத்தான் பயங்கரம். இடிமேகத்தின் உச்சி பக்கவாட்டில் விரிந்து பரவும்போது, அதன் அடிப்பக்கத்தில் பைபையாகத் தொங்கும் ‘மம்மேட்டஸ்’ மேகங்கள் தெரியும். மாலை வெயில் பட்டால் வானமே புரண்டு கிடப்பதுபோல் இருக்கும். அந்தப் பைகளிலிருந்து மழையோ ஆலங்கட்டியோ கொட்டுவதில்லை. அருகில் ஒரு வலுத்த இடிமேகம் இருக்கிறது, அல்லது இருந்து ஓய்கிறது என்பதே அவை தரும் தகவல். மலையைத் தாண்டும் காற்று அலைபோல ஏறி இறங்குகையில், அலையின் முகட்டில் வில்லை வடிவில் ஒரு மேகம் அசையாமல் நிற்கும். பறக்கும் தட்டு என்று உலகெங்கும் புகார் கிளம்புவது இதைப் பார்த்துத்தான். மேலே காற்று பலமாக வீசுகிறது என்பதே அதற்குப் பொருள். மெல்லிய மேகப்படலத்தில் வட்டமாக ஓட்டை விழுவதும் உண்டு. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகளுக்கு நடுவே விமானம் புகுந்தால், அங்கே பனித்துகள்கள் உருவாகிக் கீழே விழ, அந்த இடம் மட்டும் வெறுமையாகும்.

2021 மே மாதம் பெங்களூருவில் சூரியனைச் சுற்றித் தெரிந்த ஒளிவட்டத்துக்கும் இப்படித்தான் ஆயிரம் விளக்கம் சொன்னார்கள். உயரத்தில் கீற்றுப்படை மேகத்தின் பனித்துகள்கள் ஒளியை வளைத்ததால் வந்த வட்டம் அது. நம் ஊர்ப்புறப் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. நிலவுக்கு எட்டத்தில் வட்டம் போட்டால் மழை கிட்டத்தில், கிட்டத்தில் வட்டம் போட்டால் மழை எட்டத்தில் என்று அவர்கள் சொல்வதற்கு அடிப்படை உண்டு. அகன்ற வட்டம் பனித்துகள் மேகத்தால் வருவது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிக் கரையை நெருங்கும்போது அதன் மேல்பகுதியிலிருந்து பிரிந்து முன்கூட்டியே நம் தலைக்கு மேல் வந்து பரவுவது அந்த வகை மேகம்தான். நிலவை ஒட்டிய சிறு வட்டமோ சாதாரண மெல்லிய நீர்த்துளி மேகத்தால் வருவது. எல்லா வட்டமும் மழையைக் கொண்டுவராது. ஆனாலும் ஐப்பசியில் அகன்ற வட்டம் தெரிந்தால் வானிலை அறிக்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உருவமே இல்லாத ஆபத்து

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணைக் கவரும் மேகங்கள் பெரும்பாலும் விரைவில் கடந்துவிடுகின்றன. தமிழகத்தை மூழ்கடித்த மழைகளுக்குக் காரணம் வேறு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரில் 69. வந்தது புயலும் இல்லை. குமரிக்கடலை ஒட்டி நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சி. இத்தகைய மழையில் அண்ணாந்து பார்த்தால் அடையாளம் சொல்ல ஒரு வடிவமும் இருக்காது, வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம்.

ஆனால் கவனிக்க ஒன்று இருக்கிறது: நேரம். சாதாரண இடிமேகம் ஒரு மணி நேரத்துக்குள் தன்னைத்தானே தீர்த்துக்கொள்ளும். அது கொட்டும் மழையின் குளிர்காற்றே அதற்கு ஈரம் வரும் வழியை அடைத்துவிடும். ஒரு மணி நேரம் கழிந்தும் மழையின் வேகம் குறையவில்லை என்றால், ரயில் பெட்டிகள் போல ஒரே தடத்தில் அடுத்தடுத்து புதிய மேகங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் அந்த நேரத்திலேயே எழுந்துகொள்ள வேண்டும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் நடந்தது இது. பிற்பகலில் தொடங்கிய மழை நகரின் சில பகுதிகளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. சிவப்பு எச்சரிக்கை வந்தபோது மழை ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போயின. சென்னை மையத்தின் கணிப்புத் திறனை மேம்படுத்தக் கோரி முதல்வர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

கணிப்புச் சொற்களிலும் இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘அதி கனமழை’. அதற்கு மேல் வகையே கிடையாது. 21 சென்டிமீட்டரும் 95 சென்டிமீட்டரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. 21-ஐத் தாங்கும் குளக்கரை 95-ஐத் தாங்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நிலத்துக்குள் நகர்ந்து, கடலைக் காணாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ‘அதி கனமழை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அங்கிருக்கும் வட்டாட்சியர் எந்த ஏரியை முதலில் திறப்பது என்று எப்படி முடிவெடுப்பார்? அந்த வகைக்குள் இன்னும் இரண்டு படிகளாவது வேண்டும்.

நம் வானத்துக்கான பாடம்

மேகங்களுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர்களின் தொடக்கம் 1802-ல் லண்டனில் லூக் ஹோவர்ட் நிகழ்த்திய உரை. அவர் தொழில் மருந்து தயாரிப்பு. மேகம் பார்த்தது ஆர்வத்தால். அந்த மரபு இன்றும் சாகவில்லை. உலக வானிலை அமைப்பு 2017-ல் தன் மேக விளக்க நூலைப் புதுப்பித்தபோது, கலங்கிய கடல்போல் தோன்றும் ‘ஆஸ்பெரிடாஸ்’ என்ற வகையைச் சேர்த்தது. அதற்குப் பின்னால் இருந்தது, மேக ஆர்வலர்களின் சங்கம் ஒன்று பல ஆண்டுகளாகத் திரட்டிய பொதுமக்களின் புகைப்படங்கள்.

நம் பாடநூல்களில் கீற்று, படை, திரள், கார் என மேகங்களின் பட்டியல் இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் எந்த மேகம், எந்த மாதத்தில், எந்தத் திசையிலிருந்து வந்தால் தன் ஊருக்கு என்ன ஆகும் என்பது அதில் இல்லை. சென்னையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் மேற்கே பார்க்க வேண்டும். காஞ்சிபுரம், ராணிப்பேட்டைப் பக்கம் திரளும் மேகத்தைப் பருவக்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும், கடற்காற்றின் ஈரம் அதற்குத் தீனி போடும், முன்னிரவில் நகரத்தில் மழை. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ்: மேகம் கடலிலிருந்து வரும், கரையோரத்தில் பின்னிரவிலும் விடியலிலும் மழை வலுக்கும். குளிர்நாட்டு வானத்தை வைத்து எழுதப்பட்ட பாடத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்து, அதையும் மேகத்தையும் சேர்த்தே பார்த்துக் கடலுக்குப் போகும் மீனவரிடம் கிடைக்கும். 1792-லேயே வானாய்வகம் அமைந்து, அடுத்த சில ஆண்டுகளில் வானிலைப் பதிவையும் தொடங்கிவிட்ட நகரம் நம் சென்னை. அந்த நீண்ட பதிவையும் கடற்கரையின் அறிவையும் ஒன்றாக்கி, தமிழகத்துக்கென்று மாதவாரியான, வட்டாரவாரியான மேகக் கையேடு ஒன்று இதுவரை பள்ளிகளுக்கு வரவில்லை என்பது பெரிய குறை.

இது பொழுதுபோக்குக்கான அறிவு அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். மின்னல் சாவுகளில் கணிசமானவை வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் மரத்தடியிலும் நேர்கின்றன. புணே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி அருகிலுள்ள மின்னலை எச்சரிக்கிறது. களையெடுக்கும் பெண்களின் கையில் அந்த நேரத்தில் கைபேசி இருக்காது. ஆனால் அவர்களால் எண்ண முடியும். மின்னல் தெரிந்து இடி கேட்பதற்குள் மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர், முப்பது நொடி என்றால் பத்து கிலோமீட்டர். முப்பதை எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். இதை ஊரக வேலைத்திட்டப் பணித்தளங்களில் தினமும் ஒருமுறை சொல்லிவைத்தாலே உயிர்கள் மிஞ்சும்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கும் தமிழகப் பேரிடர் மேலாண்மைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று மணி நேரக் கணிப்பை மாவட்டப் பெயர்களின் வரிசையாக விடாமல், வட்ட அளவில், மேகம் எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்ற இரண்டு வரியோடு தமிழில் வெளியிடுங்கள். ‘ஓரிரு’, ‘பல’ என்ற சொற்களின் கணக்கை ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் அச்சிடுங்கள். விசித்திரமான மேகத்தின் படம் பரவினால் அன்று மாலைக்குள் அதன் பெயரையும் காரணத்தையும் சொல்லுங்கள். மக்கள் இடம், நேரம், திசை குறித்து அனுப்பும் மேகப் படங்களைப் பெற ஓர் எண்ணைத் திறந்துவையுங்கள். ரேடார் எட்டாத ஊர்களில் அவையே உங்களுக்குக் கண்ணாக இருக்கும். இவற்றில் எதற்கும் புதிய செயற்கைக்கோள் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே செய்துவிட முடியும்.